காய்ச்சலே இல்லாத குழந்தைக்கு எப்படி ரத்தத்தில் கிருமி?

கேள்வி: எனக்கு இது எட்டாவது மாதம். நான்கு மாதத்துக்கு முன்பு என் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம், எடை 2 கிலோ 300 கிராம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். ஆறாம் நாள் காலையிலிருந்து பிள்ளை சரியாகப் பால் குடிக்கவில்லை, தூங்கிக்கொண்டே இருந்தான். உடம்பு சுடவில்லை என்பதால் யாரும் பயப்படவில்லை. உரம் விழுந்திருக்கும் என்று சேலையில் போட்டு உருட்டினார்கள். சாயங்காலம் பக்கத்து ஊர் கிளினிக்கில் சளி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். ராத்திரி முனக ஆரம்பித்தான். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தத்தில் கிருமி, செப்சிஸ் என்று சொல்லி 14 நாள் ஊசி போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் தங்கையின் மாமியார் இன்னும் அவளைத்தான் குறை சொல்கிறார், பச்சை உடம்போடு தலைக்குக் குளித்தாள், தயிர் சாப்பிட்டாள் என்று. காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு எப்படி ரத்தத்தில் கிருமி வரும்? கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்று இருந்தது. அத்தனை நாள் ஊசி அவசியமா? என் பிள்ளைக்கு வராமல் தடுக்க முடியுமா? வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

— ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தங்கையின் விஷயத்தை முடித்துவிடுவோம். இந்தப் பதிலை அவரிடமும் அவருடைய மாமியாரிடமும் படித்துக் காட்டுங்கள். தாய் தலைக்குக் குளித்ததாலோ தயிர் சாப்பிட்டதாலோ குழந்தையின் ரத்தத்தில் கிருமி ஏறாது. கிளெப்சியெல்லா மனிதக் குடலில் வாழும் பாக்டீரியா. கைகளில், ஈரமான இடங்களில், கழுவு தொட்டிகளில், மருத்துவமனைக் கருவிகளில் தங்கியிருக்கும். யாருடைய கையிலிருந்து எப்போது வந்தது என்று எந்த மருத்துவராலும் பின்னால் போய்ச் சொல்ல முடியாது. எடை குறைந்த குழந்தை, பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இந்த இரண்டுமே போதுமான காரணம். உங்கள் தங்கை செய்த தவறு என்று இதில் ஒன்றும் இல்லை. பிள்ளை பால் குடிக்கவில்லை என்பதை முதலில் கவனித்தவரே அவராகத்தான் இருந்திருப்பார்.

அந்தக் குழந்தை காலையிலேயே சொல்லிவிட்டான். நம் வீடுகளில் காய்ச்சலை மட்டும்தான் நோயின் மொழியாகப் பழகியிருக்கிறோம். அதனால் அவன் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

காய்ச்சல் வருவதற்கே உடம்பில் கொஞ்சம் வலு வேண்டும். கிருமி நுழைந்தால் பெரியவர்களின் உடல் சூட்டைக் கூட்டிச் சண்டை போடும். பிறந்த குழந்தைக்கு, அதிலும் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு, அந்த வசதி இன்னும் முழுதாக அமையவில்லை. சூட்டைப் பிடித்து வைக்கக் கொழுப்பு குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். எனவே தொற்று முற்றும்போது பல குழந்தைகள் சுடுவதற்குப் பதில் சில்லிட்டுப் போகின்றன. உடம்பு சுடவில்லையே என்று நீங்கள் ஆறுதல் அடைந்த அந்த நேரத்தில் அவன் கால் குளிர்ந்திருந்ததா என்று யாரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது உங்கள் பிழை இல்லை, உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று, வேகம். நமக்கு ஒரு சீழ்க்கட்டி வந்தால் அது அந்த இடத்திலேயே பழுத்து உடைந்து ஆறிவிடும். பச்சிளங்குழந்தையின் உடம்பால் கிருமியை அப்படி ஓரிடத்தில் வேலி கட்டி நிறுத்த முடிவதில்லை. தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாக எதிர்ப்புப் பொருட்கள் வருவது உண்மைதான். ஆனால் பெரும்பகுதி வருவது கடைசி மூன்று மாதங்களில். குறைமாதக் குழந்தை அதைப் பெறாமலேயே பிறந்துவிடுகிறது. கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியாக்களை முதலில் எதிர்க்கும் ஐஜிஎம் என்ற வகையோ நச்சுக்கொடியைக் கடந்து வருவதே இல்லை. அதனால் காலையில் பால் குடிக்க மறுத்த குழந்தை இரவுக்குள் மூச்சுக்குத் திணறும் நிலைக்குப் போய்விட முடியும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

சரி, எதைப் பார்க்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் மேலே பால் குடிப்பது. ஆரோக்கியமான குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்கும். இத்தனை நிமிடம் குடிக்க வேண்டும் என்ற கணக்கு தேவையில்லை. நேற்றும் முந்தாநாளும் எப்படிக் குடித்தானோ அதோடு இன்றைய நாளை வைத்துப் பாருங்கள். நன்றாக இழுத்துக் குடித்தவன் இன்று வாயில் வைத்ததும் தூங்கிவிடுகிறான், இரண்டு வேளை தொடர்ந்து எழுப்பியும் குடிக்கவில்லை, சப்புவதில் வலு இல்லை என்றால் அது அபாய அறிகுறி. தாய்க்கு இதைச் சொல்ல அவர் உடம்பிலேயே ஓர் அளவுகோல் உண்டு. மார்பு கனத்து, பால் கட்டி வலிக்கும், பிள்ளையோ கேட்கவே இல்லை. ஒரு தாய் வந்து இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், நான் குழந்தையின் துணியை விலக்கி முழுதாகப் பரிசோதிக்கத் தொடங்கிவிடுவேன்.

அடுத்தது அசைவு. தூங்கும் குழந்தையைத் துணி விலக்கி உள்ளங்காலில் விரலால் இரண்டு மூன்று முறை சுண்டிப் பாருங்கள். நல்ல குழந்தை காலை இழுத்துக்கொள்ளும், முகம் சுளிக்கும், அழும், சிறிது நேரமாவது விழித்திருக்கும். சுண்டினால் மட்டும் லேசாக அசைந்து உடனே துவண்டுவிடுகிறது என்றாலோ, அசைவே இல்லை என்றாலோ காத்திருக்கக் கூடாது.

மூச்சை எண்ணுவது பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய வேலை, ஆனால் அவசரமாகச் செய்தால் தப்பாகிவிடும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்கி வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. செல்போனில் கடிகாரத்தை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள். பச்சிளங்குழந்தை சில விநாடி வேகமாக மூச்சுவிடும், சில விநாடி நிறுத்தும், மறுபடி விடும். குறுக்குவழியில் எண்ணினால் கணக்கு ஏமாற்றிவிடும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சற்றுப் பொறுத்து இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் 60 அல்லது அதற்கு மேல் என்றால் கிளம்ப வேண்டியதுதான். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்து போவதும், மூச்சு விடும்போதெல்லாம் 'ம்... ம்...' என்று முனகுவதும் அதைவிட மோசமான அடையாளங்கள். முனகல் கேட்டால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

சூட்டுக்கு வருவோம். புறங்கையைக் குழந்தையின் வயிற்றில் வையுங்கள், பிறகு உள்ளங்காலில் வையுங்கள். இரண்டும் இதமான சூட்டில் இருந்தால் நல்லது. வயிறு சூடு, கால் சில்லென்றால் குழந்தைக்குக் குளிர்கிறது. தாயின் மார்போடு சேர்த்து அணைத்துப் போர்த்துங்கள், ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட வேண்டும். வயிறும் காலும் இரண்டுமே சில்லென்றிருந்தால் அது அவசரம். நூறு, இருநூறு ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது, பிரசவத்துக்குப் பை கட்டும்போது அதையும் வாங்கி வையுங்கள். அக்குளில் வைத்து, சத்தம் வரும்வரை கையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். 97.7 முதல் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 100.4-ஐத் தொட்டாலும் சரி, 96-க்குக் கீழே போனாலும் சரி, வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

வலிப்பும் இந்த வயதில் பெரியவர்களுக்கு வருவதுபோல் கைகால் வெட்டி வெட்டி இழுப்பதாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கண் ஒரு பக்கமாக நிலைகுத்தி நிற்கும், வாய் காரணமின்றிச் சப்பிக்கொண்டே இருக்கும், கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் அசையும். சாதாரண நடுக்கம் என்றால் கையை மெதுவாகப் பிடித்ததும் நின்றுவிடும், வலிப்பு நிற்காது.

இவற்றோடு, தொப்புளைச் சுற்றி வயிற்றுத் தோலிலும் சிவப்பு பரவுவது, பச்சையாக வாந்தி, வயிறு உப்பி இறுகுவது, உச்சிக்குழி புடைத்து நிற்பது, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால்வரை இறங்குவது, உடம்பெங்கும் சீழ்க்கொப்புளம் ஆகியவையும் உடனே காட்ட வேண்டியவை. எல்லாம் சேர்ந்து வரும் என்று காத்திருக்காதீர்கள். ஒன்று இருந்தாலே போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் தூங்காமல் உட்கார்ந்திருப்பீர்களோ என்றும் எனக்குக் கவலை. விக்கல், தும்மல், ஏப்பத்தோடு கொஞ்சம் பால் கக்குவது, ஐந்து பத்து விநாடி மூச்சை நிறுத்தித் தொடர்வது, மஞ்சளாகத் தண்ணீர்போல் அடிக்கடி மலம் போவது, முதல் வாரம் எடை கொஞ்சம் குறைவது, மார்புக் காம்புக்கடியில் சிறு கட்டி, பெண் குழந்தைக்கு ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் இவையெல்லாம் இயல்பு. நன்றாகக் குடித்து, விழித்திருக்கும்போது கைகாலை ஆட்டிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும், அந்த மார்புக் கட்டியைப் பால் என்று சொல்லிப் பிழிந்துவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். பிழிந்து சீழ் பிடித்த குழந்தைகளை இன்றும் பார்க்கிறோம்.

வீட்டிலிருந்தே இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற காட்டு மாவட்டம் இருக்கிறது. அங்கே மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங் இருவரும் 1990-களில் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் மருத்துவர்களோ நர்ஸ்களோ இல்லை, கொஞ்சம் பள்ளிப் படிப்பு உள்ள கிராமத்துப் பெண்கள். வீடு வீடாகப் போய்க் குழந்தையைப் பார்ப்பார்கள். குடிக்கிறதா, துவண்டிருக்கிறதா, நெஞ்சு குழிகிறதா என்று கவனிப்பார்கள். தொற்று என்று தெரிந்து, பெற்றோர் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத நிலையில், வீட்டிலேயே ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழி மருந்தும் கொடுத்தார்கள். 1999-ல் லான்செட் இதழில் வெளியான முடிவைப் பாருங்கள். செப்சிஸ் வந்த குழந்தைகளில் முன்பு நூற்றுக்குப் பதினாறு பதினேழு பேர் இறந்தார்கள், பிறகு மூன்றுக்கும் கீழே வந்தது. மருத்துவ உலகம் முதலில் நம்பத் தயங்கிய முடிவு இது. ஆஷா பணியாளர்கள் வீட்டுக்கு வந்து பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் இன்றைய தேசியத் திட்டத்துக்கு இதுதான் விதை. ஸ்டெதஸ்கோப் இல்லாத கண்கள் போதும் என்று அந்தப் பெண்கள் நிரூபித்தார்கள். உங்கள் வீட்டிலும் அந்தக் கண்கள் இருக்கின்றன.

இனி, அந்த ராத்திரி என்ன செய்ய வேண்டும் என்பது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உரம் எடுப்பது, தொக்கம் எடுப்பது, மந்திரிப்பது எதற்கும் அந்த நேரத்தைச் செலவழிக்காதீர்கள். மருந்துக் கடைச் சொட்டு மருந்தும் வேண்டாம். வாய்வழி மருந்து மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளும் நோய் இல்லை இது, அப்படிக் காத்திருக்கும் அரை நாள்தான் நம்மை ஏமாற்றும். 108-ஐக் கூப்பிட்டுப் பிறந்து இத்தனை நாளான குழந்தை என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே போகச் சொல்லிக் கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், வாகனம் எல்லாமே இலவசம். பணம் புரட்டிக்கொண்டு போகலாம் என்று நேரத்தைக் கடத்த வேண்டியதில்லை.

வழியில் குழந்தையைக் குளிரவிடாதீர்கள். தாயோ, தாய்க்கு முடியாவிட்டால் அப்பாவோ பாட்டியோ, தன் வெற்று மார்போடு குழந்தையைச் சேர்த்து, தலைக்குத் தொப்பி போட்டு, மேலே போர்த்திக்கொண்டு உட்காரட்டும். விழுங்கும் நிலையில் இருந்தால் பால் கொடுங்கள், அல்லது பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். மூச்சு வாங்குகிறது, துவண்டிருக்கிறது என்றால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக நன்றாகக் குடித்தது எத்தனை மணிக்கு, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்று நினைவில் வையுங்கள். நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

உங்கள் பக்கம் மலையடிவார ஊர்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். அப்படியானால் வழியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்தி முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு போக முடியுமா என்று கேளுங்கள். பெரிய இடத்துக்கு அனுப்பும் முன் முதல் வேளை ஜென்டாமைசினையும் அமாக்சிசிலினையும் கிராமப்புறச் செவிலியரே கொடுக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014-லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. முதல் ஊசி எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது.

மருத்துவமனையில் நடப்பது பெற்றோருக்குப் பெரும்பாலும் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நடக்கும் விஷயம். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நீங்கள் பெட்டி என்று சொல்வது சூடு தரும் கருவி. குழந்தையை அதில் வைத்து, குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைப் பார்ப்பார்கள். குடிக்காத குழந்தைக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும், அது தனியாகவே மூளையைப் பாதிக்கும். மூச்சுக்கு ஆக்சிஜன், தேவையானால் நரம்பு வழியாகத் திரவம். அப்புறம் தோலை நன்றாகச் சுத்தம் செய்து, குறைந்தது ஒரு மில்லி ரத்தம் எடுத்து, ஊட்டக் கரைசல் உள்ள குப்பியில் விடுவார்கள். அதுதான் கல்ச்சர். ரத்தத்தில் கிருமி இருந்தால் குப்பிக்குள் பெருகும். பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் தெரிந்துவிடும். எந்த மருந்துக்கு அது சாகும், எதற்குச் சாகாது என்பதும் அதிலேயே தெரியவரும். கல்ச்சர் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், பொதுவாக ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை.

இங்கே ஒரு வேண்டுகோள். முதுகுத் தண்டுவடத்திலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்று சொன்னால் பல வீடுகளில் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள், கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம். ஊசி குத்தும் இடத்தில் தண்டுவடமே இல்லை, அதற்குக் கீழே உள்ள நீரைத்தான் எடுக்கிறோம். மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று தெரிந்தால்தான் எத்தனை நாள் மருந்து, எந்த அளவு என்று முடிவெடுக்க முடியும். தயவுசெய்து மறுக்காதீர்கள்.

14 நாள் ஊசி அவசியமா என்று கேட்டீர்கள். கல்ச்சரில் கிருமி வளர்ந்திருக்கிறது, அதுவும் கிளெப்சியெல்லா. அந்தக் குழந்தைக்கு அது சரியான முடிவு. மூளைக்காய்ச்சலும் சேர்ந்திருந்தால் 21 நாள் போயிருக்கும். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது. சந்தேகத்தில் மருந்து தொடங்கி, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, குழந்தையும் நன்றாகக் குடிக்கிறது என்றால் இரண்டு மூன்று நாளிலேயே நிறுத்திவிடலாம், நிறுத்த வேண்டும். உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் நாளை நீட்டுவதை நான் ஏற்பதில்லை. பிரசவச் சிரமமே சி.ஆர்.பி.யைக் கூட்டும். நோயின் முதல் சில மணி நேரத்தில் அது கூடாமலும் இருக்கும். தேவையில்லாத ஒவ்வொரு நாள் மருந்தும் அடுத்த குழந்தைக்கு வேலை செய்யாத மருந்தாகத் திரும்பி வருகிறது. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், கல்ச்சரில் வளர்ந்த கிருமிகளில் பாதிக்கு மேல் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை மூன்றும்தான். அவற்றில் பல வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. பிறந்த முதல் மூன்று நாளுக்குள் தொற்று வந்த குழந்தைகளிலும் அதே கிருமிகள் இருந்தது எங்களையெல்லாம் யோசிக்க வைத்தது. உங்கள் தங்கை மகனின் கிருமி ஊசிக்குக் கட்டுப்பட்டது பெரிய நல்ல செய்தி.

இனி உங்களைப் பற்றி. தொற்று பரம்பரையாக வருவதில்லை, தங்கை குழந்தைக்கு வந்ததால் உங்கள் குழந்தைக்கு வரும் என்று ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் 28 நாளுக்குள் இறப்பவை 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஒன்பது, இந்திய சராசரி இருபது. நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது, இன்னும் மாற வேண்டும்.

பிரசவத்துக்கு முன்பே செய்யக்கூடியது நிறைய. சிறுநீர் எரிச்சல், வாடையுள்ள வெள்ளைப்படுதல், காய்ச்சல் எது இருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லி மருந்து எடுங்கள். பனிக்குடம் உடைந்தால் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். வலி வரட்டும், ராகுகாலம் போகட்டும் என்று வீட்டில் இருக்காதீர்கள். உடைந்து 18 மணி நேரம் தாண்டினால் கிருமி மேலே ஏறும் வாய்ப்பு கூடுகிறது. நீர் பச்சையாகவோ வாடையோடோ வந்தால் உடனே சொல்லுங்கள். லேபர் வார்டில் உள்பரிசோதனை செய்ய வருபவரிடம் கையுறை புதிதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், நல்ல செவிலியர் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

பிறந்ததும் தாயின் மார்பில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம். தோலில் இருக்கும் வெள்ளை மாவும் ஒரு காவல்தான். சேனை வைக்கிறேன் என்று தேன், சீனித்தண்ணீர், கழுதைப்பால் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. ஊரில் பெரியவர் ஒருவர் பாசத்தோடு செய்வதுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம். அவர் கையால் குழந்தைக்குப் புதுச்சட்டை போடச் சொல்லுங்கள், பெயர் சொல்லி அழைக்கச் சொல்லுங்கள். தொப்புள்கொடியில் மஞ்சள், விபூதி, எண்ணெய், பவுடர் எதுவும் போடாமல் காற்றாட விடுங்கள். நாப்கினை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழுந்துவிடும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். புட்டி, நிப்பிள் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம்.

கை கழுவுவதில் மட்டும் நீங்கள் கண்டிப்பான ஆளாக இருங்கள். வாசலில் சோப்பு வைத்து, முழங்கைவரை கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவுவது நல்லது, இடுக்கில்தான் கிருமி ஒளிந்திருக்கும். சளி இருமல் உள்ளவர்கள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகட்டும். பிறந்த வீட்டுக்குப் பதினாறு நாள் யாரும் அதிகம் போகக் கூடாது என்று நம் ஊரில் சொல்லும் பழக்கத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். அதைத் தீட்டு என்று சொல்லித் தாயை ஒதுக்க வேண்டாம், ஆனால் கூட்டம் வராமல் தடுக்க அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குழந்தை எடை குறைவாகப் பிறந்தால், ஆடையில்லாமல் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையை வீட்டிலும் நாள் முழுக்கத் தொடருங்கள். அது சூட்டுக்கு மட்டும் இல்லை, தொற்றையும் குறைக்கிறது.

தங்கை மகனுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கலாம். ஜென்டாமைசின், அமிக்காசின் வகை ஊசி போட்ட குழந்தைகளுக்குக் காது கேட்கும் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அது முடிந்ததாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகச் செய்வார்கள். நான்கு மாதம் ஆகிறதே, கழுத்து நிற்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறானா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுவார்கள். தடுப்பூசி எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது சிறுநீர் கல்ச்சர் ஒன்று எடுத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரின் செல்போன் எண்ணை உங்கள் போனில் மட்டும் இல்லாமல், கணவர் போனிலும் மாமியார் போனிலும் பதிந்து வையுங்கள். குழந்தை பிறந்த மறுநாளே அவருக்குச் சொல்லிவிட்டால் 3, 7, 14, 21, 28-ஆம் நாள்களில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று நீங்கள் உரிமையோடு கேட்கலாம்.